அடுத்தவர் பேஜைப் படிக்க ஒரு நோட்டு போதும்

நான் சைக்கிள் ரிப்பேர் பற்றி மட்டும் வீடியோ போடுகிறவன். பஞ்சர் ஒட்டுவது, பிரேக் சரிசெய்வது, செயினைக் கழற்றிக் கழுவுவது, அவ்வளவுதான். ஆரம்பித்து ஏழெட்டு மாதம் வரை இதே வேலை செய்யும் மற்றவர்களின் பேஜ் பக்கமே நான் போகவில்லை. பார்த்தால் அவர்கள் பாணி ஒட்டிக்கொள்ளும் என்று பயம். வியூஸ் நகரவே இல்லை என்றான பிறகு ஒரு வாரம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து இருபது பேரைப் படித்தேன். அந்த வாரம் கற்றதைத்தான் இன்றுவரை வைத்துப் பிழைக்கிறேன். உங்கள் துறை எதுவானாலும் வழி இதேதான்.

யாரைப் படிப்பது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பத்து லட்சம் ஃபாலோயர் உள்ளவர் எதைப் போட்டாலும் ஓடும், அவர் முகத்துக்காகவே பார்ப்பார்கள். உங்களைப் போல ஐந்து மடங்கு, பத்து மடங்கு இருப்பவர்களைப் பிடியுங்கள். சமீபத்தில்தான் நம் இடத்தைத் தாண்டிப் போனவர்கள் அவர்கள். இன்ஸ்டாகிராமில் ஒருவரின் ஃபாலோ பட்டனுக்குப் பக்கத்திலுள்ள சின்னக் குறியைத் தொட்டால் அதே வகையான பேஜ்கள் வரிசையாக வரும். யூட்யூபில் ஓரளவு கூட்டம் சேர்ந்துவிட்டால், சேனல் நடத்துகிறவர்களுக்கான யூட்யூப் ஸ்டூடியோவின் ஆடியன்ஸ் பகுதியே உங்கள் ஆட்கள் வேறு எந்தெந்தச் சேனல் பார்க்கிறார்கள் என்று காட்டிவிடும். எனக்கு வந்த பட்டியலில் பாதிப் பேருக்கும் சைக்கிளுக்கும் சம்பந்தமே இல்லை. ஒருவர் பழைய கடிகாரத்தைப் பிரித்துக் காட்டுகிறார், இன்னொருவர் மர நாற்காலிக்குக் கால் மாற்றுகிறார். என் ஆட்கள் சைக்கிளுக்காக மட்டும் வரவில்லை, கையால் ஒரு பொருள் சரியாவதைப் பார்க்க வருகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அடுத்து, அந்தப் பேஜுக்கு எவ்வளவு வயது என்று பாருங்கள். இன்ஸ்டாகிராமில் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டுக் கணக்கு பற்றிய விவரத்தைத் திறந்தால், சேர்ந்த மாதமும் வருடமும் இருக்கும். ஃபேஸ்புக் பேஜில் வெளிப்படைத்தன்மைப் பகுதியில் தொடங்கிய தேதியோடு பெயர் மாற்றிய வரலாறும் கிடைக்கும். ஆறு வருட உழைப்பை ஆறு மாத வளர்ச்சி என்று நினைத்து மனம் உடைய வேண்டியதில்லை.

இப்போது எண்ணுக்கு வருவோம். அவர் வியூஸை உங்கள் வியூஸோடு ஒப்பிடாதீர்கள், அவருடையதோடேயே ஒப்பிடுங்கள். கடைசி ஒரு வாரத்தில் போட்டவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, அதற்கு முந்தைய 21 வீடியோக்களின் வியூஸை நோட்டில் எழுதுங்கள். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். 11-வது எண்தான் அவருடைய சாதாரண நாள். சராசரி எடுத்தால் ஏமாந்துபோவோம், ஒரே ஒரு வீடியோ ஐந்து லட்சம் போயிருந்தால் கணக்கையே அது தூக்கிவிடும். அந்த நடு எண்ணைப் போல மூன்று மடங்கு தாண்டியவற்றை மட்டும் வட்டமிடுங்கள். இன்ஸ்டாகிராமில் மேலே குத்தி வைத்திருக்கும் மூன்று போஸ்ட்களை இதில் சேர்க்க வேண்டாம், அவை பெரும்பாலும் பழையவை. காசு கொடுத்துத் தள்ளிய வீடியோவோ என்று சந்தேகம் வந்தால் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் இரண்டையும் நடத்தும் மெட்டாவின் விளம்பர நூலகத்தில் அந்தப் பேஜின் பெயரைப் போட்டுப் பாருங்கள். இப்போது ஓடும் விளம்பரங்கள் அங்கே யாருக்கும் தெரியும்.

வட்டமிட்டதை ஏன் ஓடியது என்று கேட்கும் இடத்தில்தான் பொறுமை வேண்டும். ஒருவரின் நடு எண் 4,000. பிரேக் சத்தம் பற்றிய ஒரு வீடியோ மட்டும் 61,000 போயிருந்தது. ஓஹோ, பிரேக் என்றால் ஓடும் என்று எழுதிக்கொண்டேன். பிறகு அவருடைய மற்ற பிரேக் வீடியோக்களைத் தேடினால் எல்லாம் மூவாயிரத்துச் சொச்சத்தில் நிற்கின்றன. அந்த 61,000 வீடியோவை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். மற்றவற்றில் எல்லாம் அவர் வணக்கம் சொல்லித்தான் ஆரம்பிக்கிறார். இதில் முகமே இல்லை. சக்கரம் சுழல்கிறது, பிரேக் பிடிக்கிறது, காதைக் கிழிக்கும் அந்தக் கீச் சத்தம் முதல் நொடியிலேயே வந்துவிடுகிறது. கேட்கிறவருக்கு அது அவருடைய சொந்த சைக்கிளின் சத்தம். நோட்டில் பிரேக் என்பதை அடித்துவிட்டு, குறை முதலில், ஆள் பிறகு என்று எழுதினேன். அதிலிருந்து எந்த வீடியோவையும் மூன்று முறை பார்க்கிறேன்: ஒருமுறை சும்மா, ஒருமுறை சத்தத்தை நிறுத்தி, ஒருமுறை திரையைக் கவிழ்த்துவைத்துக் காதால் மட்டும்.

ஆனாலும் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் கமென்ட். மேலே நிற்பவை பெரும்பாலும் பாராட்டுதான், சூப்பர், நன்றி, இப்படி. புதியவை முதலில் என்று மாற்றி வைத்துக் கீழே இறங்குங்கள். கேள்விக்குறி உள்ளவற்றை மட்டும் எழுதுங்கள். நான் படித்த ஒரு வீடியோவில், "கேபிளை எவ்வளவு விட்டு வெட்டணும்னு சொல்லவே இல்லையே" என்று ஒருவர் கேட்டிருந்தார். அடுத்த சில வாரங்களில் இன்னும் இரண்டு பேர் அதையே கேட்டிருந்தார்கள். பதில் இல்லை. அதற்கென்றே நாற்பது நொடி வீடியோ ஒன்று எடுத்தேன்: கேபிளைப் பிடிக்கும் நட்டிலிருந்து சுமார் ஐந்து சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள், இழை பிரியாமலிருக்க முனையில் சின்ன அலுமினிய மூடியை வைத்து நசுக்குங்கள். வேறொன்றும் சொல்லவில்லை. லைக்கைவிட அதிகமாக ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய என் முதல் வீடியோ அதுதான். இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில், பார்க்கும் நேரம், லைக், அனுப்புதல் ஆகிய மூன்றும் மிக முக்கியம் என்றும், நம்மை ஃபாலோ பண்ணாதவர்களிடம் போய்ச் சேர அனுப்புதல் இன்னும் கொஞ்சம் கூடுதலாக உதவும் என்றும் சொன்னார். அதனால் கமென்டில் யாராவது நண்பரை டேக் பண்ணி "டேய், இதைப் பாரு" என்று எழுதியிருந்தால் அந்த வீடியோவை நான் தனியாகக் குறித்துக்கொள்வேன்.

கேபிள் பற்றிக் கேட்ட அந்த மூன்று பேருக்கும் அங்கேயே இரண்டு வரியில் பதில் எழுதினேன். என் வீடியோ லிங்க்கைப் போடவில்லை. அடுத்தவர் திண்ணையில் கடை விரிக்கக் கூடாது.

எடுப்பதற்கும் எல்லை உண்டு. ஒருமுறை ஒருவரின் வீடியோவைப் பார்த்த கையோடு ஸ்கிரிப்ட் எழுதினேன். அவர் ஆரம்பித்த வாக்கியமே என் வாயிலும் வந்துவிட்டது. "அண்ணா, அது நான் யோசிச்சு எழுதின வரி" என்று மெசேஜ் அனுப்பினார். வருத்தம் தெரிவித்து அன்றைக்கே அழித்தேன். இப்போது குறிப்பு எடுத்தால் இரண்டு நாள் நோட்டை மூடி வைத்துவிடுகிறேன். அதற்குள் அவர் சொற்கள் மறந்துவிடும், கேள்வி மட்டும் தங்கும். கேள்வி பொதுச் சொத்து. சொற்கள், தம்ப்நெயில் என்கிற முகப்புப் படம், எடுத்த காட்சி எல்லாம் அவருடையவை.

இதைத் தினமும் செய்யாதீர்கள், மனசு சோர்ந்துவிடும். மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம் போதும். நோட்டிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்து அடுத்த ஐந்து வீடியோவிலும் அதை மட்டும் மாற்றுங்கள். ஆரம்பத்தையும் நீளத்தையும் தலைப்பையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்றே தெரியாது. ஐந்தும் ஒரு வாரம் ஓடிய பிறகு, அவற்றின் வியூஸையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, மூன்றாவது எண் உங்கள் பழைய நடு எண்ணைத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். தாண்டவில்லையென்றால் அதை அடித்துவிட்டு நோட்டில் அடுத்த வரிக்குப் போங்கள்.