பன்மைச் சொல்லில் அபாஸ்ட்ரஃபியை எங்கே போடுவது?

"பாய்ஸ்", "பாய்’ஸ்", "பாய்ஸ்’". மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காதுக்கு ஒரே ஒலிதான். முதலாவது பையன்கள், இரண்டாவது ஒரு பையனுடைய, மூன்றாவது பையன்களுடைய. பேசும்போது யாரும் நம்மைப் பிடிக்க முடியாது. எழுதும்போதுதான் மாட்டிக்கொள்வோம். மேலே தொங்கும் அந்தச் சின்னக் கொக்கிதான் அபாஸ்ட்ரஃபி. அதை எங்கே போடுவது என்று கண்டுபிடிக்கத் தமிழே பாதி தூரம் கூட வரும்.

படி 1: முதலில் பன்மையை எழுதி முடியுங்கள்

"மாணவர்களின்" என்பதைப் பிரித்தால் மாணவர், கள், இன். பன்மை முன்னால், உடைமை பின்னால். "மாணவரின்கள்" என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் இதே வரிசைதான். ஆகவே, நீங்கள் எழுத வந்தது மனதுக்குள் "களின்" என்றோ "களுடைய" என்றோ ஒலித்தால், பன்மைச் சொல்லை முழுசாக எழுதிவிடுங்கள். கொக்கியைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

பலர் சறுக்கும் இடம் "லேடி". ஒருமையில் ஒய் எழுத்தில் முடியும். பன்மையில் ஒய் போய் ஐ, ஈ, எஸ் வரும். இதை மறந்து ஒருமைக்குப் பின்னால் கொக்கியும் எஸ்ஸும் ஒட்டினால், பெண்கள் எல்லாருக்குமான அறை ஒரே ஒரு அம்மாவுக்குச் சொந்தமாகிவிடும்.

படி 2: கடைசி எழுத்தைப் பாருங்கள்

பன்மைச் சொல் எஸ்ஸில் முடிந்தால் கொக்கி மட்டும் போதும்: டீச்சர்ஸ்’ ரூம், பேரண்ட்ஸ்’ மீட்டிங். வேறு எழுத்தில் முடிந்தால் கொக்கியும் எஸ்ஸும் சேரும்: சில்ட்ரன்’ஸ் புக்ஸ், விமென்’ஸ் டீம், பீப்பிள்’ஸ் சாய்ஸ்.

நான் ஒரு போஸ்டரில் "சில்ட்ரன்ஸ்’" என்று பெரிதாக எழுதி ஒட்டி, இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன். "சில்ட்ரன்ஸ்" என்று ஒரு சொல்லே கிடையாது. அன்றிலிருந்து விரல் வைத்துச் சரிபார்ப்பது பழக்கமாகிவிட்டது. கொக்கியையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் விரலால் மறையுங்கள். மிச்சம் தெரிவதுதான் சொந்தக்காரர். அந்தச் சொல் சரியாக இருந்தால் கொக்கியும் சரியான இடத்தில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தில் இதற்கு அழகான ஜோடி ஒன்று உண்டு. ஆக்ஸ்ஃபர்டில் 1341-இல் தொடங்கியது குவீன்’ஸ் காலேஜ். பிலிப்பா என்ற ஒரே ராணியின் பெயரில் அமைந்தது. கேம்பிரிட்ஜில் இருப்பதோ குவீன்ஸ்’ காலேஜ். 1448-இல் மார்கரெட் ராணி நிறுவினார், 1465-இல் எலிசபெத் உட்வில் ராணி மறுபடி நிறுவினார். ராணிகள் இருவர், அதனால் கொக்கி எஸ்ஸைத் தாண்டிப் போய்விட்டது.

படி 3: காலத்தைச் சொல்லும்போது உஷார்

தமிழ் நம்மைக் கைவிடும் இடம் இதுதான். "இரண்டு வார நோட்டீஸ்", "மூன்று வருட அனுபவம்" என்கிறோம். இதில் "கள்" இல்லை, "இன்" இல்லை. அதனால் படி 1-இல் சொன்ன சோதனை வேலை செய்யாது. ஆங்கிலத்திலோ டூ வீக்ஸ்’ நோட்டீஸ், த்ரீ இயர்ஸ்’ எக்ஸ்பீரியன்ஸ் என்று கொக்கி வேண்டும். வேலைக்கு அனுப்பும் ரெஸ்யூமேக்களில் அதிகம் காணாமல் போவது இந்தக் கொக்கிதான்.

இதற்கு வேறு சோதனை இருக்கிறது. எண்ணை ஒன்றாக மாற்றிப் பாருங்கள். "ஒன் வீக்’ஸ் நோட்டீஸ்", "ஒன் டே’ஸ் லீவ்". வாரம் ஒன்றுதான், ஆனாலும் "ஸ்" ஒலிக்கிறது. அது பன்மையாக இருக்க முடியாது, உடைமைதான். எனவே பன்மைக்குப் போகும்போதும் உடைமை கூடவே வரும், கடைசியில் கொக்கியாக.

அதே சோதனையை "த்ரீ இயர்ஸ் ஓல்ட்" மேல் போட்டால் "ஒன் இயர் ஓல்ட்" என்று "ஸ்" போய்விடுகிறது. அப்படியானால் அங்கே கொக்கி வேண்டாம். நடுவில் "ஆஃப்" போட்டு "த்ரீ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்" என்று எழுதினாலும் வேண்டாம். குழப்பமாக இருந்தால் நான் இந்த வழியில் நழுவிவிடுவேன்.

படி 4: இரண்டு பேர் இருந்தால்

ஒரே வீடு இருவருக்கும் பொது என்றால் கடைசிப் பெயரில் மட்டும்: ரவி அண்ட் மாலா’ஸ் ஹவுஸ். ஆளுக்கொரு வீடு என்றால் இரண்டிலும்: ரவி’ஸ் அண்ட் மாலா’ஸ் ஹவுஸஸ்.

உடைமையே இல்லாத வெறும் பன்மைக்குக் கொக்கி கூடாது. "போட்டோ’ஸ்" தப்பு, "போட்டோஸ்" சரி.

தினங்களின் பெயர்களை மட்டும் விதியை வைத்து ஊகிக்காதீர்கள். மதர்’ஸ் டே அம்மாக்கள் எல்லாருக்கும்தான், ஆனால் எழுதுவது ஒருமையில். ஒவ்வொரு வீடும் தன் தாயைக் கொண்டாட வேண்டும் என்று, அமெரிக்காவில் அந்தத் தினத்தைத் தொடங்கிய அன்னா ஜார்விஸ் பிடிவாதமாக அப்படி வைத்தார். 1914-இல் அமெரிக்க அதிபர் வில்சன் வெளியிட்ட அறிவிப்பிலும் அப்படியே வந்தது. அதே நாட்டில் முன்னாள் படைவீரர்களுக்கான வெட்டரன்ஸ் டேக்கோ கொக்கியே கிடையாது.