பழைய ஹார்ட் டிஸ்க்கின் கூச்சலை அடக்குவது எப்படி?

1980களின் ஐபிஎம் பிசி எக்ஸ்டி வகைக் கணினி ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் வீடே திரும்பிப் பார்க்கிறதா? பதற வேண்டாம். அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க் சத்தம் போடத்தான் செய்யும். எது இயல்பான சத்தம், எது கோளாறு என்று பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது. சீகேட் எஸ்டி-225 என்ற 20 மெகாபைட் டிஸ்க்கை வைத்து விளக்குகிறேன்.

1. முதலில் காதைத் தீட்டுங்கள். மின்விசிறியின் இரைச்சல் சட்டென்று வந்து சட்டென்று அடங்கும். டிஸ்க்கின் ஒலி மெல்ல மெல்ல ஏறும். அணைத்த பிறகும் சிறிது நேரம் இழுத்துக்கொண்டே இறங்கும். கோப்புகளைத் திறக்கும்போது கேட்கும் ‘கர்ர்… டக்’ ஸ்டெப்பர் மோட்டாருடையது; தகவலைப் படித்து எழுதும் தலைகளைப் படிப்படியாக நகர்த்தும் மோட்டார் அது. அந்தச் சத்தம் பிறவிக் குணம், விட்டுவிடுங்கள்.

2. தகவல்களைப் பிரதி எடுங்கள். இதைத் தாண்டிப் போகவே கூடாது. பிறகு தலைகளைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்தும் ‘பார்க்’ நிரலை இயக்கிவிட்டு மின்சாரத்தை நிறுத்துங்கள். இந்த டிஸ்க் தலைகளைத் தானாக ஓரம் கட்டாது. அப்படியே தூக்கினால் தலை, தகவல் பதிந்திருக்கும் தட்டில் இடிக்கும்.

3. கீச்சொலியா? டிஸ்க்கின் அடிப்புறத்தைப் பாருங்கள். மோட்டார் அச்சின் நுனியை ஒரு மெல்லிய உலோகப் பட்டை தொட்டுக்கொண்டிருக்கும். சுழலும் தட்டில் சேரும் நிலைமின்சாரத்தை வெளியேற்றுவது அதன் வேலை. தொடும் இடம் தேய்ந்தால் பட்டை அதிர்ந்து, காதைத் துளைக்கும் ஒலி எழும். பலரும் டிஸ்க்கே போய்விட்டது என்று முடிவு கட்டுவது இதைக் கேட்டுத்தான். டிஸ்க் ஓடும்போது காய்ந்த பல்குத்தும் குச்சியால் பட்டையை லேசாகத் தொடுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி அகப்பட்டான். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பட்டையின் முதுகில், அச்சைத் தொடாத இடத்தில், சிறு ஸ்பாஞ்ச் துண்டு ஒன்றை ஒட்டினால் போதும். பட்டையை வெட்டி எறியச் சொல்வோரும் உண்டு, கேட்காதீர்கள். எண்ணெயும் வேண்டாம், தூசிதான் சேரும்.

4. உறுமலா? இந்த டிஸ்க் நிமிடத்துக்கு 3600 முறை, அதாவது நொடிக்கு 60 முறை சுழல்கிறது. அந்த அதிர்வு தகரப் பெட்டிக்குள் இறங்கினால் பெட்டியே தவில் போல முழங்கும். ஓடும்போது மூடியை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள்; ஒலி குறைந்தால் மூடியின் திருகுகளை முடுக்கி, அது பொருந்தும் விளிம்பில் மெல்லிய ஸ்பாஞ்ச் நாடா ஒட்டுங்கள். பிறகும் குறையாவிட்டால் டிஸ்க்கைத் தாங்கும் திருகுகளுக்கு ரப்பர் வாஷர் போடுங்கள். ரப்பர் இடையில் வந்தால் பெட்டியோடு உலோகத் தொடர்பு அறுந்துவிடும் என்பதால், டிஸ்க்கின் எர்த் முனையிலிருந்து பெட்டிக்கு ஒரு கம்பி இழுத்துவிடுங்கள். திருகை மூச்சுப் பிடித்து முடுக்கக் கூடாது; டிஸ்க்கின் உடல் சற்றே முறுக்கிக்கொண்டாலும், தகவல் பதிந்த தடத்தை விட்டுத் தலை விலகும். படுக்கையாக வைத்து ஃபார்மேட் செய்த டிஸ்க்கைச் செங்குத்தாக நிறுத்தினாலும் இதே தொல்லைதான்.

5. அரைக்கும் சத்தமா? கரகரவென்று உலோகம் உரசுவதுபோல் கேட்டு, நாளுக்கு நாள் கூடினால் பேரிங் தேய்ந்திருக்கும். உறையைத் திறக்காதீர்கள், உள்ளே ஒரு தூசி போனாலும் தட்டு கீறலாகிவிடும். பழைய கணினியில் பிற்காலச் சேமிப்புக் கருவிகளை இணைக்க உதவும் எக்ஸ்டி-ஐடிஇ அட்டை ஒன்றை வாங்கி, சுழலும் பாகமே இல்லாத காம்பாக்ட் ஃபிளாஷ் நினைவக கார்டுக்கு மாறிவிடுங்கள்.