கேமராவைத் திருப்ப வேண்டாம், படத்தைத் திருப்பினால் போதும்

கடைக்குள் மோட்டாரால் சுழன்று ஜூம் செய்யும் பிடிஇசட் கேமராவுக்குப் பதில், கூரையின் நடுவில் ஒரே ஒரு ஃபிஷ்ஐ கேமராவை, அதாவது சுற்றிலும் உள்ளதை ஒரே வட்டப் படமாக எடுக்கும் கேமராவைப் பொருத்துங்கள். பதிவை அந்த வட்டப் படமாகவே வையுங்கள். வளைந்த படத்தை நேராக்கும் வேலையை, பிறகு பதிவைப் பார்க்கும்போது மென்பொருளில் செய்துகொள்ளலாம். வாங்குமுன் ரெக்கார்டரில் இப்படி நேராக்கும் டீவார்ப் வசதி உண்டா என்று கண்டிப்பாகக் கேட்டுவிடுங்கள்.

சுழலும் கேமரா கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தால் வாசலில் நடப்பது பதிவாகவே ஆகாது. ஃபிஷ்ஐ எல்லாத் திசையையும் எப்போதும் பிடித்து வைக்கிறது. லென்ஸ் எந்தக் கோணத்தை எவ்வளவு வளைக்கிறது என்பது தெரிந்த கணக்கு. மென்பொருள் அதைத் திருப்பிப் போட்டு, வில்லாக வளைந்த அலமாரியை நேராக நிறுத்திவிடும். அதனால் நேற்றைய பதிவில்கூட வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். தேய்ந்துபோக மோட்டாரும் இல்லை.

தூரத்து முகம், வண்டி நம்பர் பிளேட் வேண்டுமென்றால் இது உதவாது. 4000×3000 சென்சாரில் முழு வட்டம் விழுந்தால் 12 மெகாபிக்சலில் சுமார் 7தான் படம். அதில் கால்வாசித் திசையை மட்டும் எடுத்தால் 2 மெகாபிக்சல்கூடத் தேறாது. சுவரோரம் இன்னும் மங்கும். அங்கே லென்ஸாலேயே தூரத்தைப் பெரிதாக்கும் ஆப்டிகல் ஜூம்தான் சரி. கூரை ரொம்ப உயரமான குடோனுக்கும் அப்படித்தான்.