சென்சார் மாற்றியும் டயர் விளக்கு அணையவில்லையா?

டயருக்குள் இருந்து காற்றழுத்தத்தைச் சொல்லும் நான்கு சென்சாரும் புதுசு, காற்றும் சரி. ஆனாலும் டேஷ்போர்டில் அந்த மஞ்சள் ஆச்சரியக்குறி அணைய மாட்டேன் என்கிறது. உடனே "சென்சார் டூப்ளிகேட்" என்று முடிவுகட்டி, டயரை மறுபடி கழற்றச் சொல்லிவிடுகிறார்கள். கழற்றாதீர்கள். சென்சார் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் பேசிக்கொண்டிருக்கும். பேசுவது யார் என்று வண்டிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு சென்சாருக்கும் ஏழு அல்லது எட்டு இலக்கத்தில் ஒரு அடையாள எண் உண்டு. எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து, சென்சாரின் முதுகிலேயே அச்சடித்திருக்கும். வண்டியின் மின்னணு மூளையான இசியூ, தன்னிடம் பதிவான எண்களை மட்டுமே காதில் வாங்கும். பக்கத்தில் நிற்கும் வண்டியின் டயரையும் தன் டயர் என்று நினைத்துவிடக் கூடாதே, அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. சென்சாரை மாற்றினால் எண்ணும் மாறும். புது எண்ணை இசியூவில் ஏற்றும் வரை விளக்கு எரியத்தான் செய்யும்.

விளக்கு எரியும் விதம்

வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டுவதற்கு முன் கைக்கடிகாரத்தோடு உட்காருங்கள். இக்னிஷனைப் போட்டதும் எல்லா விளக்கும் சில விநாடி எரிந்து அணையும், அதை விட்டுவிடுங்கள். அதன் பிறகு டயர் விளக்கு ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம் வரை விட்டுவிட்டு மின்னி, பிறகு நிலையாக எரிந்தால் அமைப்பிலேயே கோளாறு: ஏதோ ஒரு சென்சாரின் சிக்னல் வரவில்லை, அல்லது எண் பதிவாகவில்லை. மின்னாமல் எடுத்த எடுப்பிலேயே நிலையாக எரிந்தால், சென்சார் வேலை செய்கிறது, காற்றுதான் குறைவு. இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால், காற்றுக் குறைவுக்கு ஸ்கேனரும், பதிவுக் கோளாறுக்குக் காற்று பம்ப்பும் தேடி அலைகிறோம்.

நிலையாக எரிந்தால்

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவே அளவு. டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை வைத்து நிரப்பக் கூடாது. அமெரிக்க விதிப்படி, ஸ்டிக்கர் அளவைவிட 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்கை வர வேண்டும். 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) போட வேண்டிய டயர் 25க்கு இறங்கினால் விளக்கு. மற்ற நாட்டு வண்டிகளில் இதைவிடச் சற்று முன்னதாகவே எரியலாம்.

புது சென்சார் மாட்டிய கையோடு நிரப்பிய காற்று பல நேரம் சூடான டயரில் நிரப்பியதாக இருக்கும். ஓடி வந்த டயரில் 4 பிஎஸ்ஐ வரை கூடுதலாகக் காட்டும். வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். மதியம் மூன்று மணிக்குச் சூட்டோடு 33 வைத்து அனுப்பினால், மார்கழி விடியலில் 28தான் இருக்கும். வால்வ் அடியில் லேசான கசிவும் சேர்ந்துவிட்டால் இரண்டு நாளில் விளக்கு. அதனால் மூன்று மணி நேரமாவது நின்ற வண்டியில், வெயில் படாத டயரில் அளந்து நிரப்புங்கள்.

கசிவைப் பார்க்க சோப்புத் தண்ணீர் போதும். வால்வ் தண்டு ரிம்மைத் தொடும் இடத்திலும், மூடியைக் கழற்றி வால்வ் பின் மேலும் விட்டுப் பாருங்கள். உலோகத் தண்டு உள்ள சென்சாரில் நட்டைக் கையால் குத்துமதிப்பாக முடுக்குவதுதான் கசிவுக்கு முதல் காரணம். முடுக்க வேண்டிய அளவு சென்சாருக்குச் சென்சார் மாறும், பொதுவாக 4 முதல் 8 நியூட்டன் மீட்டருக்குள். முடுக்கும் அளவைக் காட்டும் சின்ன டார்க் ரெஞ்ச் இல்லாமல் முடுக்கினால் ஒன்று ரப்பர் வாஷர் நசுங்கும், அல்லது அலுமினியத் தண்டு முறியும். பழைய வாஷரையும் நட்டையும் திரும்பப் போடவே கூடாது.

இன்னொன்று: பித்தளை வால்வ் பின்னையும் உலோக மூடியையும் அலுமினியத் தண்டில் போடாதீர்கள். ஈரம் பட்டதும் இரண்டு உலோகமும் அரித்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு மூடியைத் திருகினால் தண்டே கையோடு வரும். நிக்கல் பூசிய பின், பிளாஸ்டிக் மூடி, இதுதான் சரி. அழகுக்கு வாங்கும் பளபள மூடி ஒரு வருடத்தில் ஒரு சென்சாரைத் தின்றுவிடும்.

மின்னி எரிந்தால்

டயர் சென்சார் கருவி இருக்கும் கடைக்குப் போங்கள். செல்போன் அளவில் இருக்கும். டயர் பக்கவாட்டில், வால்வுக்கு அருகே பிடித்து அழுத்தினால், 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு தட்டு தட்டி சென்சாரை எழுப்பும். சென்சார் தன் எண், காற்றழுத்தம், வெப்பநிலை, பெரும்பாலும் பேட்டரி நிலை எல்லாவற்றையும் சொல்லும். முன் இடதில் தொடங்கி நான்கையும் கேளுங்கள்.

நான்கில் ஒன்று மட்டும் பதில் தரவில்லையென்றால் அதில்தான் கோளாறு. ஒன்றுமே பதில் தரவில்லையென்றால் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, எல்லா வண்டிக்கும் பொருந்தும் யுனிவர்சல் சென்சாரை வாங்கி, வண்டியின் மாடலையும் வருடத்தையும் கொடுத்து புரோகிராம் செய்யாமல் வெறுமனே மாட்டியிருப்பார்கள். புரோகிராம் ஆகாத யுனிவர்சல் சென்சார் சிம் போடாத போன் மாதிரி. நல்ல செய்தி என்னவென்றால், பல வகைகளில் டயரைக் கழற்றாமலே வெளியிலிருந்து புரோகிராம் செய்துவிடலாம். இரண்டு, அலைவரிசை. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ஓடும் வண்டிகள் 433 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவிலும் கனடாவிலும் 315 நிறைய, 433ம் உண்டு. ஆன்லைனில் விலை மலிவு என்று, படமும் வால்வும் ஒரே மாதிரி இருக்கிறதென்று 315 வாங்கி இந்திய வண்டியில் போட்டால் எத்தனை தடவை பதிவு செய்தாலும் பேசாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த சென்சார் என்றால் இதைத்தான் முதலில் பாருங்கள்.

நான்கும் பதில் தந்தால், அந்த எண்களை எழுதிக்கொண்டு ஓபிடி போர்ட்டில் (வண்டியில் ஸ்கேனர் மாட்டும் துளை) ஸ்கேனரை மாட்டி, இசியூவில் பதிவான எண்களோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பூச்சியமா ஆங்கில ஓவா, 8ஆ ஆங்கில பியா என்று குழம்பித் தட்டச்சு செய்தது எத்தனையோ தடவை கோளாறாக வந்து நிற்கும். இந்த எண்ணில் பூச்சியம் முதல் 9 வரையும், ஆங்கில ஏ முதல் எஃப் வரையும்தான் வரும். ஓ என்ற எழுத்துக்கு இடமே இல்லை.

டொயோட்டாவில் சி2121 முதல் சி2124 வரை கோளாறு எண் ஸ்கேனரில் வந்தால், முறையே ஒன்று முதல் நான்காம் பதிவிலுள்ள சென்சாரிடமிருந்து சிக்னல் இல்லை என்று பொருள். முதல் பதிவு என்றால் முன் இடது சக்கரம் என்று அர்த்தமில்லை. பதிவு எண்ணை எடுத்து, அது எந்தச் சக்கரத்தில் இருக்கிறதென்று கருவியால் தேடுங்கள். கோளாறு எண்ணை மட்டும் நம்பி முன் டயரைக் கழற்றுபவர்கள் நல்ல டயரைத்தான் கழற்றுகிறார்கள்.

பதிவு செய்யும் முறைகள்

மொத்தம் மூன்று முறைகள். உங்கள் வண்டிக்கு எது என்பது வண்டியின் மேனுவலில் இருக்கும்.

தானே கற்கும் வண்டிகளில் பதினைந்து இருபது நிமிடம் நிறுத்திவிட்டு, பிறகு சாலையில் ஓட்ட வேண்டும். சக்கரம் சுழன்றால்தான் சென்சார் விழிக்கும், விழித்தாலும் அடிக்கடி பேசாது. அதனால் நகர நெரிசலில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஒரு மணி நேரம் ஊர்ந்தாலும் பலன் இருக்காது. பைபாஸில் மணிக்கு 40 கிமீ வேகத்துக்கு மேல் இருபது நிமிடம் நிற்காமல் போய்ப் பாருங்கள். "ஓட்டிப் பார்த்தேன், அணையவில்லை" என்பவர்கள் பலரும் ஓட்டியது கடையிலிருந்து வீடு வரைதான்.

நின்ற இடத்தில் கற்பது ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் வழக்கம். கற்கும் நிலைக்குப் போனதும் ஹாரன் இரண்டு முறை ஒலிக்கும். முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது என்று கடிகாரச் சுற்றில் ஒவ்வொரு சென்சாராக எழுப்ப வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹாரன். வரிசை மாறினால் சக்கரமும் மாறிப் பதிவாகும். அந்த நேரத்தில் பக்கத்து வண்டியின் சென்சார் பேசினால் அதையும் பிடித்துக்கொள்ளும், அதனால் ஒதுக்குப்புறமாக நிறுத்தியே செய்யுங்கள்.

மூன்றாவது, ஓபிடி வழியாக எண்ணை எழுதுவது. பல டொயோட்டா வண்டிகளில் இதுதான். ஓட்டினாலோ பொத்தானை அழுத்தினாலோ புது எண் ஏறாது.

இந்த வேலையே வேண்டாம் என்றால் பழைய எண்ணைப் புது சென்சாரில் நகலெடுக்கலாம். வண்டிக்கு மாற்றமே தெரியாது. ஆனால் பழைய சென்சார் உயிரோடு இருக்கும்போதே, டயரைக் கழற்றும் முன் எண்ணை எடுத்திருக்க வேண்டும். நகலெடுத்த பின் பழையதை டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். ஒரே எண்ணில் இருவர் பேசினால் திரையில் அளவு 0க்கும் 33க்கும் தாவும்.

திரை தவறான சக்கரத்தைக் காட்டினால்

ஒரு டயரிலிருந்து 4 பிஎஸ்ஐ இறக்கிவிட்டு சிறிது தூரம் ஓட்டுங்கள். திரையில் வேறு சக்கரம் இறங்கினால் இடம் மாறிப் பதிவாகியிருக்கிறது. டயர் மாற்றிப் போட்ட பிறகும் இது நேரும். ஸ்டெப்னியில் சென்சார் உள்ள வண்டி என்றால் அதையும் அளந்து பாருங்கள். அடியில் தொங்குவதால் யாரும் நினைப்பதில்லை.

இன்னும் சில

திரையில் ஒவ்வொரு டயருக்கும் பிஎஸ்ஐ காட்டாமல், மெனுவில் ரீசெட் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வழியாகச் சக்கர வேகத்தை வைத்து ஊகிக்கும் வகை. அந்த டயருக்குள் சென்சாரே கிடையாது. காற்றைச் சரிசெய்து ரீசெட் செய்தால் போதும். சோலார் திரையோடு விற்கும் மூடி வகை சென்சார்கள் தனி அமைப்பு, வண்டியின் விளக்கோடு அவற்றுக்கு உறவில்லை.

பஞ்சர் ஒட்டும் திரவத்தை ஊற்றிய டயர் என்றால், சென்சாரின் சின்ன அழுத்தத் துளை அடைபட்டு ஒரே அளவையே திரும்பத் திரும்பக் காட்டும். 2020 முதல் இந்தியாவில், காற்றழுத்த அமைப்பும் பஞ்சர் கிட்டும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்பதால் இந்தத் திரவம் வண்டியோடேயே வருகிறது. ஊற்றினால் டயரைக் கழற்றும்போது சென்சாரைத் துடைத்துவிடச் சொல்லுங்கள்.

கருவி நான்கையும் படிக்கிறது, எண்களும் பொருந்துகின்றன, ஆனாலும் ஸ்கேனரின் நேரலை அளவில் எண்ணுக்குப் பதிலாக வெறும் சிறு கோடுகள்தான் (--) வருகின்றனவா? மலிவான யுஎஸ்பி சார்ஜரையும் டேஷ்கேமையும் பிடுங்கிவிட்டு இருபது நிமிடம் ஓட்டுங்கள். அவை எழுப்பும் இரைச்சல் சென்சாரின் சன்னமான சிக்னலை மூழ்கடிக்கும். அதற்கும் வரவில்லையென்றால் சிக்னலை வாங்கும் ரிசீவரின் ஃபியூஸ், பிறகு இணைப்பு வயர். கடைசியாகத்தான் ரிசீவரையே மாற்றும் பேச்சு.