யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது: ஃபேன்டசி பிரீமியர் லீகில் ஒரு தணிக்கைக்காரியின் கணக்கு

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்தில் ஆடுபவர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் செய்வதற்கேற்பப் புள்ளி எடுக்கும் இணைய விளையாட்டு ஃபேன்டசி பிரீமியர் லீக். அதில் பதினைந்து பேரை வாங்குவது பெரிய வித்தையில்லை. கையில் நூறு மில்லியன் பவுண்டு கற்பனைப் பணம், ஒரு கிளப்பிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது, அவ்வளவுதான். வாராவாரம் அந்தப் பதினைந்தில் நான்கு பேரைப் பெஞ்சில் உட்கார வைப்பதுதான் தலைவலி. எங்கள் குடும்ப லீகில் ஆடும் என் அக்காள் மகன், கெடு முடிய அரை மணி நேரம் இருக்கும்போது இரண்டு பெயர்களை அனுப்பி, "சித்தி, இவனா, அவனா?" என்று கேட்பான். நான் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். ஆருடம் சொல்லத் தெரியாது. கணக்கு பார்க்கத் தெரியும். அவனுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

முதலில் கடிகாரம். அந்தச் சுற்றின் முதல் ஆட்டம் தொடங்க 90 நிமிடங்கள் இருக்கும்போது கெடு முடிந்துவிடும். இங்கிலாந்தில் சனிக்கிழமை பகல் 12.30 மணி ஆட்டம் என்றால் இந்தியாவில் கெடு மாலை 3.30. அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிய பிறகு 4.30. வெள்ளிக்கிழமை இரவு 8 மணி ஆட்டம் இருந்தால் இரவு 11 மணி. குளிர்காலத்தில் நள்ளிரவு 12. கிளப்புகள் அன்றைய பதினொருவரை அறிவிப்பது இதற்குப் பிறகுதான். எனவே யார் ஆடுவார் என்று உறுதியாகத் தெரியாமலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அதனால்தான் "கோல் அடிப்பாரா?" என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளச் சொல்கிறேன். முதலில் கேட்க வேண்டியது, எத்தனை நிமிடம் ஆடுவார் என்பது. 60 நிமிடம் ஆடினால் 2 புள்ளி, அதற்குக் குறைந்தால் 1. தடுப்பாட்டக்காரருக்கு அந்த அறுபது உயிர்நாடி. 58-ஆவது நிமிடத்தில் அவரை வெளியே எடுத்துவிட்டால், அணி கோல் வாங்காமல் முடித்தாலும் கிளீன் ஷீட்டுக்கான 4 புள்ளி அவருக்குக் கிடையாது. அறுபதைத் தாண்டியபின் வெளியேறியவருக்கோ, பிறகு அணி மூன்று கோல் வாங்கினாலும் அந்த 4 பத்திரம்.

சந்தேகத்துக்குரியவர்களில் இரண்டு வகை உண்டு. ஆடினால் முழுதாக ஆடுவார், இல்லையென்றால் களத்துக்கே வரமாட்டார் என்பவர் முதல் வகை. கோல்கீப்பரும் நடுத் தடுப்பாட்டக்காரரும் பெரும்பாலும் இப்படித்தான். இரண்டாம் வகை, காயத்திலிருந்து திரும்பும் விங்கர், அதாவது பக்கவாட்டில் ஓடித் தாக்குபவர். அவரைக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு இறக்கிவிட்டுப் பயிற்சியாளர் கைகட்டி நிற்பார். நாம் அஞ்ச வேண்டியது இந்த இரண்டாமவரைத்தான். ஏனென்றால், உங்கள் பதினொருவரில் ஒருவர் ஒரு நிமிடம்கூட ஆடாவிட்டால்தான் பெஞ்சிலிருந்து மாற்று ஆள் தானாக உள்ளே வருவார். பத்து நிமிடம் ஓடிவிட்டு 1 புள்ளியோடு திரும்பியவர் அந்தக் கதவை அடைத்துவிடுகிறார். பெஞ்சில் 9 புள்ளி எடுத்தவர் இருந்தாலும் பயனில்லை. ஆகவே, 'ஆட 50 சதவீத வாய்ப்பு' என்ற எச்சரிக்கைக் கொடியுடன் நிற்கும் நடுத் தடுப்பாட்டக்காரரை நான் தயங்காமல் இறக்குவேன், பெஞ்சில் நல்ல ஆள் இருக்கும்வரை. அதே கொடியுள்ள விங்கரை உட்கார வைப்பேன். அக்காள் மகன் இதை நேர்மாறாகச் செய்வான். விங்கர் என்றாலே அவனுக்குக் கை நிற்காது.

நிமிடங்களை ஊகிக்க, வாரநடுவில் என்ன நடந்தது என்று பாருங்கள். வியாழன் இரவு ஐரோப்பிய ஆட்டம் ஆடிய அணி ஞாயிறன்று வரும்போது முகங்கள் மாறும். வாரநடுவில் ஆடிவிட்டுச் சனி 12.30-க்கு வரும் அணியும் அப்படியே. லிவர்பூலில் பயிற்சியாளராக இருந்தபோது யூர்கன் கிளாப் அந்த 12.30 ஆட்டத்தைப் பற்றிப் புலம்பாத ஆண்டில்லை. பெப் குவார்டியோலா மான்செஸ்டர் சிட்டியில் முன்னறிவிப்பில்லாமல் ஆளை மாற்றிய வழக்கத்துக்கு ஃபேன்டசி ஆடுபவர்கள், சூதாட்டச் சக்கரத்தை நினைத்து, 'பெப் ரூலெட்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பயிற்சியாளர் பேட்டியில் "குழுவில் இருப்பார்" என்றால் அது பெஞ்ச் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் அட்டைகளையும் எண்ண வேண்டும்: முதல் 19 ஆட்டங்களுக்குள் ஐந்து வாங்கினால் ஓர் ஆட்டத் தடை.

நிமிடம் உறுதியானவர்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் எதிரணியைப் பார்க்க வேண்டும். இதில் பழைய பாடம் ஒன்று செல்லாமல் போய்விட்டது. பலமான அணிக்கு எதிராக மலிவான தடுப்பாட்டக்காரரை இறக்காதே என்பார்கள். 2025-26 சீசனில் வந்த விதிப்படி, தடுப்பாட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் பந்தை அகற்றுவது, தடுப்பது, இடைமறிப்பது, பறிப்பது என எல்லாம் சேர்த்துப் பத்தைத் தொட்டால் 2 புள்ளி கூடுதல். மிட்ஃபீல்டருக்கும் முன்களத்தவருக்கும் பந்தை மீட்பதையும் சேர்த்துப் பன்னிரண்டு வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எவர்டனின் ஜேம்ஸ் டார்கோவ்ஸ்கி போல, நாள் முழுக்கப் பந்தைத் தலையால் முட்டி வெளியே அனுப்பும் ஒருவர் பலமான அணியின் மைதானத்துக்குப் போகிறார். அணி 3-0 எனத் தோற்கிறது. ஆடியதற்கு 2, பத்தைத் தொட்டதற்கு 2, அணி வாங்கும் இரண்டு கோலுக்கு ஒன்று வீதம் கழிப்பதில் 1 போகும். நிகரம் 3. பலவீனமான எதிரணி என்று நம்பி நீங்கள் இறக்கிய மூன்றாம் முன்களத்தவர் 70 நிமிடம் ஓடி ஒன்றும் செய்யவில்லை என்றால் அவருக்கு 2. படுதோல்வியிலும் மூன்று கொண்டுவருபவரைப் பெஞ்சில் வைப்பதற்குக் காரணம் வலுவாக இருக்க வேண்டும். ஆனால் இது நடுத் தடுப்பாட்டக்காரருக்கான கணக்கு. மேலேறித் தாக்கும் பக்கத் தடுப்பாட்டக்காரர் பத்தைத் தொடுவது அரிது. பலமான அணிக்கு எதிராக அவரை உட்கார வைக்கலாம்.

விலை உயர்ந்தவர்களை எதிரணி பார்த்து உட்கார வைக்கவே கூடாது. 2024-25 சீசனில் முகமது சலா 29 கோல், 18 அசிஸ்ட் (பிறர் கோல் அடிக்கக் கொடுத்த பந்து), 344 புள்ளி எடுத்தார். அந்த பிப்ரவரியில் லிவர்பூல் சிட்டியின் மைதானத்துக்குப் போனபோது, கடினமான ஆட்டம் என்று தயங்கியவர்கள் உண்டு. லிவர்பூல் 2-0 என வென்றது. ஒரு கோல் சலா அடித்தது, மற்றது அவர் கொடுத்த பந்தில் வந்தது. அவை மட்டுமே 8 புள்ளி. 13 மில்லியன் கொடுத்து வாங்கியவரை வெளியே வைப்பதைவிட அவரை விற்றுவிடுவது மேல்.

கோல்கீப்பர் விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. ஆடும் கோல்கீப்பர் ஒருவர், பெஞ்சில் நான்கு மில்லியன்காரர் ஒருவர். மாற்றி மாற்றி இறக்குகிறேன் என்று இருவரை வைத்திருப்பவர்கள் தவறான வாரத்தில்தான் சரியானவரை உட்கார வைக்கிறார்கள்.

பெஞ்ச் வரிசையை ஏனோதானோவென்று விட்டுவிடுவார்கள். புள்ளி நழுவுவது அங்கேதான். களத்தில் குறைந்தது மூன்று தடுப்பாட்டக்காரரும் ஒரு முன்களத்தவரும் இருந்தாக வேண்டும். நீங்கள் 3-4-3 (மூன்று தடுப்பாட்டக்காரர், நான்கு மிட்ஃபீல்டர், மூன்று முன்களத்தவர்) இறக்கி, பெஞ்சில் முதலில் மிட்ஃபீல்டர், பிறகு இரு தடுப்பாட்டக்காரர்கள் என்று அடுக்கியிருக்கிறீர்கள். தடுப்பாட்டக்காரர் ஒருவர் வரவில்லையென்றால் முதலிடத்து மிட்ஃபீல்டரைத் தாண்டி, அடுத்த தடுப்பாட்டக்காரர்தான் உள்ளே வருவார். முன்களத்தவர் வராவிட்டால் மிட்ஃபீல்டர் வருவார். ஆகவே யார் வராமல் போகக்கூடும் என்று நினைக்கிறீர்களோ, அவருடைய இடத்தை வைத்துப் பெஞ்சை அடுக்குங்கள். மூவரை மட்டுமே பின்னால் இறக்குபவர், பெஞ்சிலுள்ள இரு தடுப்பாட்டக்காரர்களில் ஒருவராவது தம் கிளப்பில் தவறாமல் ஆடுபவராக இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் சளிப்பிடித்துப் படுத்தாலும் நீங்கள் பத்துப் பேரோடுதான் ஆடுவீர்கள்.

கேப்டனுக்குப் புள்ளி இரட்டிப்பு. அவர் ஒரு நிமிடமும் ஆடாவிட்டால்தான் அது துணைக் கேப்டனுக்குப் போகும். துணைக் கேப்டனாக நிமிடம் உறுதியான ஒருவரை வையுங்கள். கேப்டன் ஆடும் அதே ஆட்டத்தில் அவர் இருக்க வேண்டாம். பனியாலோ புயலாலோ ஆட்டம் தள்ளிப்போனால் இருவருமே போய்விடுவார்கள்.

எல்லாம் முடித்தபின் 'சேமி' பொத்தானை அழுத்துங்கள். இடம் மாற்றியதும் தானாகப் பதிவாகிவிட்டது என்று நினைத்துப் பக்கத்தை மூடினால் போன வாரத்து அணிதான் களத்தில் நிற்கும். அக்காள் மகனுக்கு நான் அனுப்பும் கடைசிச் செய்தியும் இதுதான். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும். அழுத்தினானா என்பது ஆட்டம் தொடங்கிய பிறகுதான் தெரியும்.