வேகத்தடை கேட்பதற்கு முன்: குடியிருப்புத் தெருக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெருவில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை ஒரு வாகனத்தில் அடிபடாமல் மயிரிழையில் தப்பிவிட்டால், மறுநாளே குடியிருப்பவர்கள் கூடி எழுதும் மனுவில் பெரும்பாலும் ஒரே கோரிக்கைதான் இருக்கும்: உடனடியாக ஒரு வேகத்தடை வேண்டும். அந்தப் பதற்றம் நியாயமானதே. ஆனால் தெருவின் பிரச்சினை என்னவென்று பார்ப்பதற்கு முன்பே தீர்வை முடிவு செய்துவிடுவதுதான் முதல் தவறு. பின்னால் வரும் பல தவறுகள் இதிலிருந்தே கிளைக்கின்றன. முனையில் நிறுத்தப்பட்ட வாகனம் பார்வையை மறைப்பதால் ஆபத்து என்றால், அங்கிருந்து சில மீட்டருக்கு வாகனம் நிறுத்தத் தடை விதிப்பதே தீர்வு. தெருவின் நடுவில் போடப்படும் வேகத்தடையால் அங்கே பயனில்லை. நெரிசல் நேரத்தில் வெளியார் குறுக்குவழியாக நுழைகிறார்கள் என்றால் அதற்கு வேறு வழி தேவை.

அடுத்த தவறு, அளக்காமல் பேசுவது. சத்தமாகப் போகும் வாகனம் உண்மையான வேகத்தைவிடக் கூடுதலாகப் போவதாகத் தோன்றும். ஓசையின்றி விரையும் கார் கவனத்திலேயே படாது. சாலையோரத்தில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள் போட்டு, கைபேசியின் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டால் போதும்: அந்த இடைவெளியை 6 விநாடியில் கடக்கும் வாகனம் மணிக்கு 30 கி.மீ. வேகத்திலும், 3.6 விநாடியில் கடப்பது 50 கி.மீ. வேகத்திலும் செல்கிறது. அளப்பவர் ஓட்டுநரின் கண்ணில் படாத இடத்தில் நிற்பது நல்லது, ஏனெனில் ஆளைக் கண்டதும் வேகம் குறைந்துவிடும். சராசரியை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். நூறு வாகனங்களை மெதுவானதிலிருந்து வேகமானது வரை வரிசையாக அடுக்கினால் எண்பத்தைந்தாவதாக வரும் வாகனத்தின் வேகத்தையே போக்குவரத்துப் பொறியாளர்கள் பெரிதும் கவனிக்கிறார்கள். (இப்படி அளக்கும்போது, அதிவேகமாகப் போகிறவர்களில் சிலர் அதே தெருக்காரர்களாக இருப்பதும் தெரியவரும். மனுவில் கையெழுத்திட்டவரும் அதில் இருக்கலாம்.)

"இருபது கி.மீ. வித்தியாசம் பெரிதா?" என்று கேட்பவர்களுக்குக் கணக்கே பதில் சொல்லும். ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது என்று கொண்டால், 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 13 மீட்டருக்குள் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த ஒரு விநாடிக்குள்ளேயே 13 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. முதல் கார் முழுவதுமாக நின்ற இடத்தில் இரண்டாவது கார் இன்னும் பிரேக்கைப் பிடிக்கவே தொடங்கியிருக்காது. அரை கிலோமீட்டர் நீளத் தெருவில் இந்த வேகக் குறைப்பால் ஓட்டுநர் இழப்பது 24 விநாடிகள்.

அளந்த பிறகு வேகத்தடைதான் வேண்டும் என்று முடிவானாலும், அதன் வடிவத்தில் பலர் தவறிவிடுகிறார்கள். அனுமதியின்றி ஓர் இரவில் சிமென்ட் குழைத்துப் போடப்படும் குறுகிய, செங்குத்தான மேடு முதுகை உடைக்கும், இருசக்கர வாகனத்தைச் சறுக்கவிடும், மழைநீரைத் தேக்கும். அதைவிட வேடிக்கை, அத்தகைய மேட்டை வேகமாகக் கடக்கும் காரில் அதிர்வு சில சமயம் குறைவாகவே உணரப்படும் என்பது. சக்கரத்தின் ஸ்பிரிங்கே அதை விழுங்கிவிடுகிறது. இதனால்தான் 1970களில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் சுமார் 3.7 மீட்டர் நீளமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட, மெல்ல ஏறி இறங்கும் மேடு உருவாக்கப்பட்டது. வேகம் கூடக் கூட அதில் அசௌகரியமும் கூடும். ஒன்றே ஒன்று போட்டுவிட்டு நிறுத்துவதும் வீண்: அதைத் தாண்டியதும் ஓட்டுநர் இழந்த நேரத்தைப் பிடிக்க ஆக்சிலரேட்டரை முடுக்குவார். சீரான இடைவெளியில் பல தேவை. வண்ணக்கோடும் முன்னெச்சரிக்கைப் பலகையும் இரவில் தெரிய வேண்டும். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் அடிக்கடி செல்லும் வழியென்றால், அகன்ற வண்டியின் சக்கரங்கள் இருபுறமும் இறங்கிச் செல்லும்படி அமைந்த சிறு மேடுகளைப் பரிசீலிக்கலாம்.

பலகையை மட்டும் நம்புவதும் தவறே. அகலமாகவும் நேராகவும் வழவழப்பாகவும் இருக்கும் தெரு "வேகமாகப் போ" என்கிறது. "மெதுவாகச் செல்லவும்" என்ற பலகை அதன் முன் தோற்றுவிடும். ஒருவழிப்பாதையாக்கினாலும் எதிரே வாகனம் வராத தைரியத்தில் வேகம் கூடலாம். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960களின் இறுதியில் தோன்றி, 1976-இல் அந்நாட்டுச் சட்டத்தில் இடம்பெற்ற தெருமுறை இதற்கு நேரெதிர்: மரத்தொட்டிகள், வளைவுகள், இருக்கைகள் ஆகியவற்றால் தெருவின் வடிவமே வாகனத்தை நடைவேகத்துக்கு இறக்கிவிடுகிறது. ஆனால் தொட்டிச் செடி குழந்தையின் உயரத்துக்கு வளர்ந்து பார்வையை மறைக்க விடக்கூடாது.

கருத்துக் கேட்பதில் நடக்கும் தவறுகள் பொறியியல் தவறுகளைவிடக் கூடுதல் சேதம் விளைவிப்பவை. வேலைநாள் மாலையில் ஒரே ஒரு கூட்டம் போட்டால், வந்தவர்களின் குரலே தெருவின் குரலாகிவிடும். வாடகைக்கு இருப்பவர்கள், இரவுப்பணிக்காரர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள், நடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் ஆகியோர் விடுபட்டுப்போவார்கள். "வேண்டுமா, வேண்டாமா?" என்று கேட்பதைவிட, தெருவின் வரைபடத்தைக் கையில் கொடுத்து "எந்த இடத்தில் பயப்படுகிறீர்கள்?" என்று குறிக்கச் சொல்வது பயனுள்ளது. ஒரு பத்து வயதுச் சிறுமி காட்டும் இடம் பெரியவர்கள் யாரும் நினைத்திராத இடமாக இருக்கும். வேகத்தடை யார் வீட்டு வாசலில் வரப்போகிறதோ அவரிடம் தனியாகப் பேசாமல் இருப்பதும் தவறு. கனரக வண்டி ஒவ்வொன்றும் ஏறி இறங்கும் சத்தத்தை இரவு முழுவதும் கேட்கப்போகிறவர் அவர்தான்.

பக்கத்துத் தெருவை மறப்பதும் வழக்கம். இங்கே தடுக்கப்பட்ட வாகனங்கள் மறைந்துவிடுவதில்லை. அடுத்த சந்துக்குள் நுழையக்கூடும். ஆகவே அந்தத் தெருவினரையும் முதலிலேயே அழைக்க வேண்டும், அங்கும் அளக்க வேண்டும். நிரந்தரக் கட்டுமானத்துக்கு முன், சாலைக்குப் பொறுப்பான நிர்வாகத்தின் ஒப்புதலோடு கூம்புகளும் பெயின்ட் கோடுகளும் வைத்துச் சில வாரங்கள் சோதித்துப் பார்க்கலாம். எந்த அளவுக்கு வேகம் குறைந்தால் வெற்றி, குறையாவிட்டால் எதை அகற்றுவது என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே எழுத்தில் ஒப்புக்கொண்டு, அதே இரண்டு சுண்ணாம்புக் கோடுகளுக்கிடையே, அதே நேரத்தில், மறுபடியும் அளக்க வேண்டும்.