ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரிடம் எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

ஆபரேஷன் என்றதும் கத்தி பிடிக்கிற டாக்டரைப் பற்றித்தான் நாலு பேரிடம் விசாரிப்போம், மயக்க மருந்து கொடுப்பவர் யாரென்று கேட்பதே இல்லை. அவர் வந்து வரிசையாகக் கேள்வி கேட்கும்போது ஏதோ சொல்லி ஒப்பேற்றாதீர்கள். 'சின்ன ஆபரேஷன்தானே' என்ற பேச்சும் வேண்டாம். 1848-இல் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் இறந்தது கால் நகத்தை எடுக்கப் போய்த்தான். அவளுக்குக் கொடுத்த மயக்க மருந்தான குளோரோஃபார்ம் புழக்கத்துக்கு வந்து அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை.

'வீட்டில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?' என்று கேட்பார்கள். இதற்கு மட்டும் முன்கூட்டியே தயாராகுங்கள். மெல்போர்னில் கால் முறிந்து வந்த 21 வயது மாணவர் ஒருவர் காலைவிட மயக்க மருந்துக்குத்தான் பயந்தார், ஏனென்றால் அவருடைய சொந்தக்காரர்களில் 10 பேர் ஈதர் கொடுத்ததும் இறந்திருந்தார்கள். சரி, ஈதர் வேண்டாமென்று புது மருந்தான ஹாலோத்தேன் கொடுத்தார்கள், அதிலும் உடம்பு கொதித்தது, ஐஸ் வைத்துக் காப்பாற்றினார்கள். டென்பரோ, லவல் என்ற டாக்டர்கள் 1960-இல் இதை எழுதிய பிறகுதான் இது பரம்பரையாக வரும் கோளாறு என்பது தெளிவானது. இன்று இதற்கு டான்ட்ரோலின் என்ற மருந்து இருக்கிறது, முன்பே தெரிந்தால் ஆபத்தில்லாத மருந்துகளாகவே தேர்ந்தெடுக்கவும் முடியும். அதனால் குடும்பத்துப் பெரியவர்களுக்கு ஒரு போன் போடுங்கள். 'ஆபரேஷன் டேபிளிலேயே போய்விட்டார்' என்று யாரைப் பற்றியாவது சொன்னால் அதை அப்படியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வெறும் வயிறு விஷயத்தில் பொய் சொல்லவே கூடாது. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போகும், திட உணவு அடைக்கும், அமிலம் நுரையீரலைப் புண்ணாக்கும். பிரசவ மயக்கத்தில் இப்படி நடந்த 66 பேரைப் பற்றி மெண்டல்சன் என்ற டாக்டர் 1946-இல் எழுதினார். பொதுவாக லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அதுதான் கணக்கு. பசியில் ஒரு பிஸ்கட் தின்றுவிட்டீர்களா, ஒத்துக்கொள்ளுங்கள், தேதி தள்ளிப்போனால் போகட்டும்.

அப்புறம் ஆடும் பல், பல்செட், குறட்டை, சிகரெட், குடி, அலர்ஜி, உடல் இளைக்கப் போடும் ஊசி (அது வயிறு காலியாவதைத் தாமதமாக்கும்), எல்லா மாத்திரைகளும், நாட்டு மருந்து உட்பட. எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நகப்பூச்சை அழித்துவிடுங்கள், ஆக்சிஜன் பார்க்கும் கருவி விரல் வழியாக ஒளியை அனுப்பித்தான் கணக்கிடுகிறது.

முதுகில் ஊசி என்றால் பயப்படாதீர்கள். 1898-இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பீர் என்ற டாக்டர் தானும் உதவியாளருமாக ஒருவருக்கொருவர் போட்டுப் பார்த்தார்கள், மரத்துப்போன உதவியாளரின் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் அடித்துக்கூடப் பார்த்தார் (அந்த உதவியாளரை நினைத்தால் பாவமாக இருக்கிறது). பீருக்கோ தண்டுவட நீர் கசிந்து, எழுந்தால் தலைவலி, படுத்தால் இல்லை என்று பல நாள் அவதி. இப்போது ஊசி மிக மெல்லியது. அப்படியும் உட்கார்ந்தால் வலித்து படுத்தால் குறைகிற தலைவலி வந்தால், மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் அந்த டாக்டருக்கே சொல்லுங்கள்.